நொறுங்குண்டவர்களும் நொறுக்கியவர்களும்

தமிழ்க் கிறிஸ்தவப் பிரசங்கங்களில் ஓயாமல் புழங்குகிற ஒரு சொல் 'நொறுங்குண்ட'. நொறுங்குண்ட இருதயம், நொறுங்குண்ட ஆவி என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். மராத்தியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'தலித்' என்ற சொல்லுக்கும் பொருள் அதுதான். பிளக்கப்பட்டவர், நசுக்கப்பட்டவர், நொறுக்கப்பட்டவர். 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதவர் யார் என்று எழுதிய நூலிலும் நம்மைச் 'சிதறுண்ட மனிதர்கள்' என்றே குறித்தார். தோற்று, சிதறி, ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட கூட்டத்தார் என்பது அவருடைய வாதம். ஆக பிரசங்க பீடமும் இயக்க மேடையும் ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழுவதில்லை. போதகர் 'நீ நொறுங்கியிருக்கிறாய், ஒத்துக்கொள்' என்கிறார். தோழர் 'உன்னை நொறுக்கியிருக்கிறார்கள், எழுந்திரு' என்கிறார். இரண்டும் ஒன்றா, வேறா, ஒன்றுக்குள் ஒன்றா என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நொறுங்கு என்பது தன்வினை, நொறுக்கு என்பது பிறவினை. நடுவில் இருக்கும் மெல்லெழுத்து வல்லெழுத்தானால் போதும், செய்தவன் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்து நின்றுவிடுகிறான். 'பானை நொறுங்கியது' என்கிறபோது யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. 'பானையை நொறுக்கினான்' என்றால் எவன் என்று கேட்டே ஆகவேண்டும். சபையின் மொழி பெரும்பாலும் தன்வினையிலேயே இயங்குகிறது. இயக்கத்தின் மொழி பிறவினையை விட்டு இறங்குவதேயில்லை. மனுசன் வாழ்க்கையோ இரண்டிலும் நடக்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வந்து பார்த்தால் நான் சொல்வது விளங்கும். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. ஏரிக்கரைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் சேரிகளும் காலனிகளும் பெருகின. கூடவே ஜெப வீடுகளும் பெருகின. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாசத்துக்கு ஒருமுறை முழு இரவு ஜெபம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பெனிகளில் ஒப்பந்தத்துக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், துப்புரவு வேலை பார்க்கிறவர்கள். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஒருத்தி எழுந்து மைக்கை வாங்குகிறாள்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் செத்துப்போனவர்களின் மனைவிமார் சொல்லும் சாட்சியை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய ஒரே அச்சு. 'ஆண்டவர் அவரை எடுத்துக்கினார். நான் ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு சாவலாம்னு இருந்தேன். நொறுங்கிப் போயிருந்தேன். இந்தச் சபைக்கு வந்தப்புறம்தான் தூக்கம் வந்துச்சி.' கூட்டம் அல்லேலூயா சொல்லும். பக்கத்தில் இருக்கிற பெண் முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

நம்முடைய தோழர்கள் இந்த இடத்தில் உதட்டைப் பிதுக்குவார்கள். அபின் என்பார்கள். 1844இல் மார்க்ஸ் அதை எழுதியபோது அபினுக்கு முன்னால் பெருமூச்சைப் பற்றியும் இதயமற்ற உலகத்துக்கு மதமே இதயமாக இருப்பதைப் பற்றியும் சொல்லியிருந்தார். நம்மாட்கள் கடைசித் துண்டை மட்டும் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். 'தூக்கம் வந்துச்சி' என்று ஒருத்தி சொல்வதை நான் அவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. மாசக்கணக்கில் தூங்காத ஒரு உடம்புக்குத் தூக்கம் வந்திருக்கிறது. அதை எந்த ஆர்ப்பாட்டத்தால் கொடுத்தோம்? நம்முடைய கூட்டங்களில் அழ இடமுண்டா? புருசன் செத்த பெண்ணை மேடையேற்றி, பாதிக்கப்பட்டவர் என்று அறிமுகப்படுத்தி, இரண்டு நிமிடம் பேசவிட்டு, துண்டறிக்கைக்குப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். தான் உடைந்துபோயிருப்பதை ஒரு மனுஷி நாலு பேர் முன்னால் சொல்லி, அந்த நாலு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்பது என்பது சேரியில் பிறந்தவர்களுக்கு எளிதில் கிடைக்கும் பண்டமல்ல. பள்ளிக்கூடத்தில் கிடைக்காது, கம்பெனியில் கிடைக்காது, போலீஸ் ஸ்டேஷனில் நிச்சயம் கிடைக்காது.

ஆனால் அந்தச் சாட்சியின் முதல் வாக்கியத்தை மறுபடி கேளுங்கள். ஆண்டவர் எடுத்துக்கினார். தொட்டிக்குள் இறங்கு என்று சொன்ன ஒப்பந்தக்காரன் அந்த வாக்கியத்தில் இல்லை. இயந்திரம் வாங்காத குடியிருப்போர் சங்கம் இல்லை. மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இலும் 2013இலும் சட்டம் போட்டும் ஆளை இறக்கிக்கொண்டிருக்கிற அரசாங்கம் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வேலை ஏன் குறிப்பிட்ட சில தெருக்களுக்கே வருகிறது என்ற கேள்வி இல்லை. எல்லாப் பழியையும் ஆண்டவர் ஒருவர் தலையில் போட்டுவிட்டு, அவரிடமே ஆறுதலும் கேட்கிறோம். பாவம், அவரும்தான் என்ன செய்வார்?

இதற்குக் காரணம் அந்தப் பெண்ணின் அறியாமை இல்லை. அவளுக்கு ஒப்பந்தக்காரன் பேர், வீடு, வண்டி நம்பர் எல்லாம் தெரியும். அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஜெபத்தின் வடிவத்தில் அவனுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். நொறுங்குண்ட இருதயத்தைப் பற்றிய சங்கீதம், ஐம்பத்தோராவது, யாருடையது என்று வேதாகமமே தலைப்பில் சொல்கிறது. தாவீது ராஜாவுடையது. எப்போது பாடினான்? பத்சேபாளை அரண்மனைக்கு வரவழைத்து, அவள் புருசன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்து, நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேராகக் கேட்டபிறகு. அதாவது அது நொறுக்கியவனுடைய ஜெபம். அவன் நொறுங்கவேண்டியது நியாயம்தான். ஆனால் உரியாவின் பெண்டாட்டி அந்த ராத்திரிகளில் என்ன ஜெபம் பண்ணினாள் என்று எழுதிவைக்க ஆளில்லை. நாம் என்ன செய்திருக்கிறோம் என்றால், ராஜாவின் பாவ அறிக்கையை எடுத்து உரியாவின் விதவை வாயில் போட்டிருக்கிறோம். தொட்டியில் புருசனை இழந்தவள் எழுந்து நின்று 'நான் பாவி' என்று தொடங்குகிறாள்.

இந்தக் கோளாறை இறையியலாளர்கள் கவனிக்காமலில்லை. கொரியாவில் 'ஹான்' என்று ஒரு சொல் இருக்கிறது. அநியாயம் செய்யப்பட்டவன் நெஞ்சில் கட்டிக்கொண்டு கெட்டிப்படுகிற வேதனை. அங்கே மின்ஜுங் இறையியல் இதைப் பேசியது. ஆண்ட்ரூ சங் பார்க் 1993இல் எழுதிய நூலில் கிறிஸ்தவம் பாவம் செய்தவனைப் பற்றியே இரண்டாயிரம் வருசம் கவலைப்பட்டது, பாவம் செய்யப்பட்டவனைப் பற்றி அதனிடம் போதிய கோட்பாடில்லை என்கிற தொனியில் வாதாடினார். பாவிக்கு மன்னிப்பு வேண்டும், சரி. பாவத்துக்கு ஆளானவனுக்கு மன்னிப்பு எதற்கு? அவனுக்கு வேண்டியது வேறு. நம் பக்கத்தில் அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் தொடங்கியதாகச் சொல்வார்கள். பின்னால் சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரியில் அதற்கென்றே துறை அமைத்து, 1995இல் காலமானார். செயலுக்கு முன்னால் வேதனை வருகிறது, வேதனையின் வழியாகத்தான் தலித் கடவுளை அறிகிறான் என்பது அவருடைய அடிப்படை. இதைச் சிலர் அழுகுணித்தனம் என்று ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலியை வலி என்று சொல்லாமல் நேராகப் போராட்டத்துக்குப் போகிறவன் பாதி வழியில் சாராயக் கடையில் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இந்த மண்ணில் கதை இன்னும் பழையது. பூந்தமல்லியும் ஆவடியும் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1890களில் பறையர்கள் கூட்டம் கூட்டமாக மிஷன்களைத் தேடிப் போனார்கள். கௌடி, ஆண்ட்ரூ போன்ற பாதிரியார்கள் அவர்களுடைய அடிமை நிலையைப் பற்றி எழுதினார்கள். கலெக்டர் ட்ரெமன்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு உத்தரவு பிறந்தது. ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய ஆய்வு நூலில் ஒரு விசயத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டுகிறார். வந்தவர்கள் நிலம், பாதுகாப்பு, மிராசுதாரனிடமிருந்து விடுதலை, கடவுள் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டார்கள். அவர்களுக்கு அவை தனித்தனியாக இல்லை. மிஷனரிகளுக்குத்தான் சந்தேகம், இவன் ஆத்துமாவுக்காக வருகிறானா அரிசிக்காக வருகிறானா என்று. ஆத்துமாவையும் அரிசியையும் பிரித்துப் பார்க்கிறவன் ஒருநாளும் பட்டினி கிடந்திருக்கமாட்டான்.

அதே பஞ்சமி நிலத்துக்காகத்தான் நூறு வருசம் கழித்து, 1994 அக்டோபர் 10இல், காரணைப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டு பெயர்களையும் சேர்த்து உச்சரித்துப் பாருங்கள். துப்பாக்கி யாரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

சான்றிதழ் கேட்பது வேறு இடம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கை எத்தனை பேர் அறிவோம்? செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசைக்கு இல்லை, அவர் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கொடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அதே ஆணியை அதே செருப்பில் அதே பிளாட்பாரத்தில் அடித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனிடம், உன் காயம் இன்னும் ஆறவில்லை என்று நிரூபி என்கிறார்கள். அந்தப் பக்கம் சபை, நீ கிறிஸ்துவுக்குள் புது சிருஷ்டி, பழையதெல்லாம் ஒழிந்துபோயிற்று என்கிறது. ஆறிவிட்டது என்று சொன்னால் கடை கிடையாது. ஆறவில்லை என்று சொன்னால் விசுவாசம் கிடையாது.

இதன் விளைவு எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு பெயர். சபைப் பதிவேட்டில் ஒன்று, தாலுகா ஆபீசில் ஒன்று. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். தொட்டியில் செத்தவரின் குடும்பம் ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் என்றால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களையும் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம் போட்டது. 2022இல் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதற்கும் முன்னால் 2007இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லியாயிற்று.

என் கேள்வி சலுகையைப் பற்றியது மட்டுமல்ல. குணமாவதற்கு முதல் படி தன்னைப் பற்றிய உண்மையைத் தன் வாயால் பலர் அறியச் சொல்வது என்றால், அதைச் சொல்ல முடியாதபடி சட்டம் ஒருவனை இரண்டாகப் பிளந்துவைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிறவள் திங்கட்கிழமை ஆர்.ஐ. முன்னால் அந்தச் சாட்சியையே மறைக்கவேண்டும். இதை அவளுடைய பொய் என்று சொல்கிறவர்கள், அந்தப் பொய்யை எழுதிக்கொடுத்தவன் யார் என்று கேட்பதில்லை.

சபைக்கும் இதில் கணக்கு உண்டு. நொறுங்குதலை ஒத்துக்கொள்ளச் சொல்கிற சபை, தான் நொறுக்கியதை எவ்வளவு ஒத்துக்கொண்டிருக்கிறது? 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி பிராமணச் சந்நியாசியாகவே வாழ்ந்தார், ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தனிச் சாமியார்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதியை விட்டொழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் சபையை விட்டவர்கள் உண்டு, சாதியை விட்டவர்கள் குறைவு. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். 2008 மார்ச் 9இல் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். ஒரே அப்பத்தைப் புசிக்கிறவர்கள் ஒரே தெரு வழியாகப் பிணம் கொண்டுபோக முடியவில்லை. 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கைவிடச் சொன்னார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒத்துக்கொண்டது. இதுதான் நான் சொன்ன தாவீதின் ஜெபம், சரியான வாயிலிருந்து வந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்தது. அதற்கப்புறம் சுவர்கள் என்ன ஆயின என்பது வேறு கதை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பிறவினையாக்கி முடித்துவிடலாமா என்றால், முடியாது. ஜெப வீட்டுப் பெண்கள் அதற்கு விடமாட்டார்கள். சாதி நம்மை நொறுக்கியது. சரி. ராத்திரி குடித்துவிட்டு வந்து பெண்டாட்டி பல்லை உடைத்தவன் யார்? சாதி இந்துவா வந்து உடைத்தான்? நொறுக்கப்பட்டவன் வீட்டுக்குள் வந்து நொறுக்குகிறான். அவனும் ஒரு உரியா, அவனே ஒரு தாவீது. நம் இயக்கங்கள் இந்த இரண்டாவது பாதியைத் தொட அஞ்சுகின்றன. 'இதையெல்லாம் வெளியில பேசினா எதிரிக்கு ஆயுதம் கொடுத்த மாதிரி ஆயிடும்' என்பார்கள். சபை அதைத் தொடுகிறது. சின்னச் சபைகளில் ஆண்களை முழங்காலில் நிறுத்தி, கையை நீட்டினாயா என்று கேட்கிற போதகர்கள் இருக்கிறார்கள். அப்படிக் குடியை விட்ட வீடுகள் அம்பத்தூரில் தெருவுக்கு இரண்டு உண்டு. அந்த வீட்டுப் பெண்களிடம் போய் மதம் அபின் என்று சொல்லிப் பாருங்கள், துடைப்பம் வரும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது சிலருக்கு அது இலக்கியமா என்ற சந்தேகம், சிலருக்கு ஊர் விசயத்தை இப்படி வெளியே போடலாமா என்ற கோபம். அவர் கன்னியர் மடத்துக்குள் போய், அங்கேயும் சாதியைக் கண்டு வெளியே வந்தவர். வெளியே வந்தபோது கையில் வேலையில்லை, கூரையில்லை, நம்பிக்கையுமில்லை. தன் நொறுங்கலை மறைக்காமல் எழுதினார். யார் நொறுக்கினார்கள் என்பதையும் அதே மூச்சில் எழுதினார். மடத்தை விட்டாரே ஒழிய இயேசுவை மடத்துக்காரர்களுக்குத் தாரைவார்த்துவிட்டு வரவில்லை. தன்வினையும் பிறவினையும் ஒரே வாக்கியத்தில் நிற்க முடியும் என்பதற்கு நம் மொழியில் எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அந்தப் புத்தகம்தான். கோயிலுக்குள் சொல்ல விடாத சாட்சி.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு வேறு வழியில் போனார். கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளை மேல்சாதியின் இசை என்று சொல்லி, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளை 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அப்பனா ஆத்தாளா என்ற வம்பே இல்லை. அவருடைய இறையியலுக்குப் பெயர் 'ஒரு உலை'. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் தின்பது. அவர் 2005இல் இறந்துபோனார். அந்த உலை எத்தனை சபையில் எரிகிறதென்று பார்க்கவேண்டும். குணமாதல் என்பது தனி ஆளுக்குள் நடக்கிற மனமாற்றம் மட்டுமில்லை, யார் யாரோடு உட்கார்ந்து தின்கிறார்கள் என்பதும்தான் என்று அவர் வயிற்றிலிருந்து சொன்னார். இயேசு தொழுநோயாளியைக் குணமாக்கியபோதும் கூடவே அவனை ஆசாரியனிடம் காட்டச் சொல்லி ஊருக்குள் திருப்பி அனுப்பினார். தோல் ஆறினால் போதாது, ஊர் திறக்கவேண்டும்.

'ஆறு' என்பதற்கும் பிறவினை உண்டு. ஆற்று. புண் தானாக ஆறும் என்பார்கள். ஆற்றாமல் எந்தப் புண்ணும் ஆறியதில்லை. ஆற்றுகிறவர் யார், அதற்கு யார் செலவழிப்பது என்பதைத்தான் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

பூந்தமல்லியிலிருந்து மவுண்ட் ரோடு பஸ் பிடித்தால் பரங்கிமலை தூரமில்லை. கி.பி. 72இல் தோமா அங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு. அது வரலாறா என்று நான் சண்டைக்கு வரவில்லை. தோமாவைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லிச் சொல்லியே சின்னப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவன் கேட்டது அற்புதத்தையா? இல்லை. காயத்தைக் காட்டு என்றான். உயிர்த்தெழுந்த உடம்பிலும் ஆணித் தழும்பு இருந்தது, விலாவில் ஈட்டித் துளை இருந்தது. எல்லாம் ஒழிந்து பளபளவென்று வந்திருந்தால் தோமா நம்பியிருக்கமாட்டான். ஆகவே சபை நம்மிடம் 'குணமாயிட்டேன்னு சொல்லு, பழசப் பேசாத' என்கிறபோது, அந்த யோவான் சுவிசேஷத்துப் பூட்டிய அறையையாவது ஞாபகப்படுத்தலாம். செத்தவன் எழுந்து வந்து முதலில் தன் தழும்பைக் காட்டினான். தழும்பைப் பார்த்தாலே எவன் அடித்தான் என்கிற கேள்வி வந்துவிடும். ரோம் சாம்ராச்சியம் அடித்தது, பிரதான ஆசாரியன் காட்டிக்கொடுத்தான், பிலாத்து கைகழுவினான். விசுவாசப் பிரமாணத்திலேயே பிலாத்துவின் பெயர் இன்னும் இருக்கிறது. ஞாயிறுதோறும் உலகமெங்கும் அவன் பெயரைச் சொல்லித்தான் விசுவாசத்தை அறிக்கையிடுகிறார்கள்.

கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அதை வாங்க மனுப்போட வேண்டும், ஒப்பந்தக்காரன் பேர் எழுத வேண்டும். ஆவடிப் பக்கம் ஒரு போதகரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பெரியவர், நல்ல மனுசன், செத்த வீட்டுக்குத் தன் கைக்காசில் அரிசி வாங்கிப் போட்டவர். விசுவாசப் பிரமாணத்துல பிலாத்து பேரு இருக்கே ஐயா, சாட்சியில அந்தக் காண்ட்ராக்டர் பேரும் இருந்தா என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'தம்பி, அவுரு பேரச் சொல்லி நான் தெனம் ஜெபம் பண்றேன். மைக்ல சொன்னேன்னு வையி, நாளிக்கே இந்த ஷெட்டுக்கு பர்மிஷன் எங்கன்னு கேட்டுக்கினு வந்துடுவாங்க. நாப்பது குடும்பம் எங்க போவும்?' என்றார். பிறகு, மனுவை எழுதிக்கொண்டு வா, அந்தம்மாவை நானே கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு வருகிறேன், ஆனால் சபைக் கடிதத்தாளில் எழுதாதே என்றார். வெள்ளைத்தாளில் எழுதினோம்.